தாவணிக் கயிறும் அவிழும் ஒட்டகமும்: மனனம், மறதி குறித்துச் சில சிந்தனைகள்

மதுரை மாநகரில், வைகையின் வடகரையில், மேலூர்ச் சாலையின் மீது அமைந்துள்ள மாட்டுத்தாவணி இன்று ஒரு பேருந்து நிலையத்தின் பெயர். 1999-ஆம் ஆண்டு அந்நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களுக்குச் செல்வோர் நாவில் நாள்தோறும் புழங்கும் சொல்லாக அது ஆகிவிட்டது. அருகில் பூச்சந்தை இருக்கிறது. காய்கறிச் சந்தை இருக்கிறது. ஆனால் அப்பெயரை உச்சரிக்கும் பல்லாயிரவருள் மாட்டையும் தாவணியையும் எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தாவணி என்பது தாமணி என்னும் சொல்லின் திரிபு. நெடிய கயிறு ஒன்றை நிலத்தோடு இழுத்துக் கட்டி, அதிலிருந்து பிரியும் சிறு கயிறுகளில் மாடுகளை வரிசையாகப் பிணைப்பது வழக்கம். அந்த நெடுங்கயிறே தாவணி. கயிற்றின் பெயர் மாடு விற்கும் சந்தைக்கு ஆகி, சந்தையின் பெயர் நிலப்பகுதிக்கு ஆயிற்று. இன்று மாடும் இல்லை, கயிறும் இல்லை. மக்கள் மறந்த ஒன்றைச் சொல் மறவாமல் வைத்திருக்கிறது.

நினைவையும் மறதியையும் பற்றிப் பேசப் புகுந்த நாம் இந்தக் கயிற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. திருக்குர்ஆனை மனனம் செய்தவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமை கயிற்றால் கட்டப்பட்ட கால்நடை பற்றியதே. முழங்கால் தளையிடப்பட்ட ஒட்டகங்களின் உரிமையாளர் அவற்றைக் கவனித்து வந்தால் தம்மிடம் நிறுத்திக்கொள்வார். அவிழ்த்துவிட்டால் அவை போய்விடும் என்பது இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. தளையிலிருந்து தப்பும் ஒட்டகத்தைக் காட்டிலும் விரைவாகக் குர்ஆன் உள்ளத்திலிருந்து நழுவிவிடும் என்பது அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிப்பதன் சாரம். இவ்விரண்டும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றவை.

இந்த உவமையில் நினைவு ஒரு பெட்டகமாகக் காட்டப்படவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பெட்டகத்தில் வைத்த பொருள் வைத்தவாறே கிடக்கும். ஒட்டகமோ உயிருள்ளது, தன் இயல்பினாலேயே விலகிச் செல்வது. மறதிக்குத் தனிக் காரணம் தேடத் தேவையில்லை. நினைவில் நிற்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். இப்பார்வையை உளவியல் எண்களால் அளந்து காட்டத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

எபிங்ஹாஸ் கண்ட வளைவு

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல் நினைவு பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே, ஆய்வாளரும் அவரே. பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300-ஐ உருவாக்கி, அவற்றிலிருந்து வரிசைகளை அமைத்து, கடிகாரத்தின் துடிப்புக்கேற்ப ஒரே வேகத்தில் உரக்க வாசித்து மனனம் செய்தார். குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின் அதே வரிசையை மீண்டும் மனனம் செய்து, முதல்முறை செய்த உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது எனக் கணக்கிட்டார். இந்த மிச்சக் கணக்கே அவருடைய மேதைமை. எவ்வளவு நினைவிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை; திரும்பக் கற்க எவ்வளவு குறைவாக உழைக்க வேண்டியிருக்கிறது என்றே கேட்டார்.

கிடைத்த விடை இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இருபது நிமிடத்துக்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்குப் பின் 44. ஒரு நாளுக்குப் பின் 34. ஆறு நாளுக்குப் பின் 25. முப்பத்தொரு நாளுக்குப் பின் 21. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்து, ஏறக்குறைய இதே வளைவைக் கண்டனர்.

இவ்வெண்களை ஓதுவோர் பெரும்பாலும் முதற் பகுதியை மட்டுமே கண்டு அஞ்சுகின்றனர். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்பது மெய்யே. ஆனால் ஆறாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நான்கு விழுக்காடே என்பதையும் காண வேண்டும். வீழ்ச்சி தொடக்கத்தில் செங்குத்தானது. பின்னர் ஏறக்குறைய சமதளம். பொருளே இல்லாத அசைகள்கூட ஒரு மாதத்துக்குப் பின் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்தின என்றால், பொருளும் ஓசையும் பக்தியும் சேர்ந்து பதிந்த ஒன்று முற்றிலும் அழிந்துவிட்டதாக எவரும் அவசரப்பட்டு முடிவு செய்ய இயலாது. இதனை நாம் பின்னர் மீண்டும் பேசுவோம். நம் சமுதாயத்தில் இதனால் மனம் புழுங்குவோர் சிலர் அல்லர்.

தொலைந்ததும் எட்டாததும்

இன்னோர் ஹதீஸை நோக்குவோம். இரவில் பள்ளிவாசலில் ஒருவர் ஓதக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாம் விட்டுவிட்டிருந்த சில வசனங்களை அவர் நினைவூட்டியதாகக் கூறி, அவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்ன வசனத்தை நான் மறந்துவிட்டேன் என்று சொல்வதைவிட, மறக்கடிக்கப்பட்டேன் என்று சொல்வதே தகும் என்ற அறிவுரையும் நபிமொழித் தொகுப்புகளில் உண்டு. பின்னதற்கு மார்க்க அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். முன்னது உளவியலாருக்கு மிகவும் பழக்கமான நிகழ்ச்சி. இல்லை என எண்ணியது ஒரு குரலைக் கேட்டதும் இருக்கிறது. அப்படியானால் அது தொலையவில்லை, எட்டவில்லை, அவ்வளவே.

1966-இல் எண்டல் டல்விங் தம் சக ஆய்வாளருடன் இவ்வேறுபாட்டைச் சோதனையால் நிறுவினார். சொற்பட்டியலைக் கற்றோரில் ஒரு பிரிவினர் வெறுமனே நினைவுகூர்ந்தனர். மற்றப் பிரிவினருக்கு விலங்கு, ஆயுதம் என்பன போன்ற வகைப்பெயர்கள் தரப்பட்டன. இரண்டாம் பிரிவினர் கூடுதலான சொற்களைச் சொன்னார்கள். அச்சொற்கள் முதற்பிரிவினர் உள்ளத்திலும் இருந்திருக்க வேண்டும். கதவைத் திறக்கும் சாவிதான் அவர்களிடம் இல்லை. சூழலே சாவியாவதும் உண்டு. 1975-இல் காடனும் பேட்லியும் மூழ்குநர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், கடலடியில் கற்ற சொற்கள் கரையில் நினைவுக்கு வந்ததைவிடக் கடலடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன.

இக்கருத்தை நம் ஃபிக்ஹு நூல்களில் காணும்போது வியப்பு மேலிடுகிறது. நோன்பாளி மறந்து உண்டுவிட்டால் நோன்பு முறியாது. இதில் தமிழகத்தில் அருகருகே வாழும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் தொழுகையில் மறதியாகப் பேசிவிட்டால்? சிறிதளவு எனில் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. முறியும் என்பது ஹனஃபீ மத்ஹபு. ஒரே மறதி, நோன்பில் மன்னிக்கப்பட்டுத் தொழுகையில் மன்னிக்கப்படாமல் போவது ஏன்? ஹிதாயா என்னும் புகழ்பெற்ற ஹனஃபீ நூலை இயற்றிய புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ஹிஜ்ரி 593, கி.பி. 1197-இல் மறைந்தவர்) தரும் விடை இது: தொழுகையின் தோற்றமே தொழுபவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது, ஆதலால் மறதி அங்கே மேலோங்குவது அரிது, நோன்புக்கோ நினைவூட்டும் தோற்றம் ஏதுமில்லை, ஆதலால் மறதி மேலோங்குகிறது. நிற்றல், கிப்லா, கட்டிய கைகள், அருகில் நிற்போர் என யாவும் தொழுகையில் சாவிகள். பசித்த வயிறு ஒன்றைத் தவிர நோன்பாளியிடம் சாவி இல்லை. அவ்வயிறும் அவரை எதிர்த்திசைக்கே இழுக்கிறது. மறதியின் கடுமையை அளக்க, நினைவூட்டும் சூழலின் வலிமையை அளந்தார் அந்த அறிஞர். இச்சட்டத் தீர்ப்பில் எம்மத்ஹபைப் பின்பற்றுவோராயினும், அதன் உளவியல் நுட்பத்தைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

ஹாஃபிழ்கள் தம் மனனக் காலத்தில் ஒரே அச்சுப் பிரதியைக் கைக்கொள்வதும் இதனால்தான். பக்கத்தின் எந்த மூலையில் வசனம் தொடங்கிற்று, எந்த வரியில் முடிந்தது என்பதெல்லாம் சாவிகளாகச் சேர்ந்துவிடுகின்றன. வரி அமைப்பு வேறான பிரதியைக் கையில் தந்தால் நன்கு தேர்ந்தவரும் சற்றே தடுமாறுவார்.

வரிசை என்னும் கயிறு

மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி வண்டியின் நடத்துநர் திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என மூச்சுவிடாமல் கூவுவதைக் கேட்டிருக்கிறோம். சாத்தூருக்கு அடுத்தது எது எனக் கேட்டால் அவருக்கு விடை உடனே வரும். திருநெல்வேலியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால், அவ்வழியே திரும்பி வருபவராயினும், கூவிப் பழகிய வேகம் இராது. ஒவ்வோர் ஊர்ப்பெயரும் அடுத்த பெயரை இழுத்து வரும் சிறு கயிறாகியிருக்கிறது; கயிறு ஒரு திசையிலேயே இழுபடும். ஹாஃபிழிடம் குர்ஆனின் ஏதேனும் ஒரு வசனத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொடுத்தால் அங்கிருந்து தங்கு தடையின்றி ஓதுவார். அதற்கு முந்திய வசனம் எது என வினவினால், பல வேளைகளில், முன்னால் சென்று ஓரிடத்தில் தொடங்கி ஓதி வந்தே கண்டறிவார். முப்பது ஜுஸ்உ, 114 அத்தியாயங்கள், 6,236 வசனங்கள் என்னும் பெருங்கடல் ஒரு மனித உள்ளத்தில் நிற்பது இந்த நெடுங்கயிற்றால்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டிவைக்க எவராலும் ஆகாது.

கயிறு சிக்குவது எங்கே? ஒரே சொற்களில் தொடங்கி வேறு வேறாகப் பிரியும் வசனங்களில். பகரா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தையும் அஃராஃபின் 161-ஆம் வசனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாயிலில் பணிவாக நுழைதல், மன்னிப்புக் கோரும் சொல்லைச் சொல்லுதல் ஆகிய இரு கட்டளைகளும் இரண்டிலும் உள்ளன. வரிசை மட்டும் ஒன்றில் முன்பின்னாக மாறியிருக்கிறது. தராவீஹில் இமாம் ஓரத்தியாயத்திலிருந்து தம்மையறியாமல் மற்றோர் அத்தியாயத்துக்குத் தாவிவிடுவது இத்தகைய இடங்களில்தான். இதைக் காலத்தின் தேய்வு என்று சொல்வதற்கில்லை. ஒரு நினைவு மற்றொரு நினைவை மறிக்கிறது. பெனடன் அண்டர்வுட் 1957-இல் இதனைத் தெளிவாக்கினார். முன்பு பல பட்டியல்களைக் கற்றவர்கள் புதிய பட்டியலில் ஒரு நாளில் முக்கால் பங்கை மறந்தனர். வேறெதையும் கற்காதவர்கள் கால் பங்கையே மறந்தனர். எபிங்ஹாஸின் வளைவு அத்துணைச் செங்குத்தாக இருந்ததற்கும் அவர் கணக்கற்ற அசைவரிசைகளை அடுக்கடுக்காகக் கற்றதே பெருங்காரணம் என இன்று கருதப்படுகிறது.

நம் முன்னோர் இச்சிக்கலை எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு மருந்தும் செய்தனர். ஏழு ஓதல் முறைகளில் ஒன்றின் இமாமான கிஸாஈ (ஹிஜ்ரி 189) ஒத்த வசனங்களைத் தொகுத்துத் தனிநூல் எழுதினார். பிற்காலத்தில் சகாவீ (ஹிஜ்ரி 643) அதே பொருளில் செய்யுள் நூல் ஒன்று இயற்றினார். ஒத்தவற்றை அருகருகே வைத்து வேறுபாட்டைக் கண்முன் நிறுத்துவது இவர்களுடைய முறை. நம் மதரஸாக்களில் இவ்வகைப் பயிற்சி இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது நமது கருத்து.

சபக்கும் தௌரும்

மர்கீனானீயின் மாணவர் ஸர்னூஜீ. அவர் எழுதிய மாணவர் ஒழுக்க நூல் அரபு மதரஸாக்களில் இன்றும் பாடமாக உள்ளது. நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், அதற்கு முந்தைய நாள் பாடத்தை நான்கு முறையும், அதற்கு முந்தையதை மூன்று முறையும், பின்னர் இரண்டு, பின்னர் ஒன்று என்றும் திருப்ப வேண்டும் என அவர் அதில் வகுக்கிறார். எபிங்ஹாஸின் வளைவை எவரும் வரையாத காலத்தில், வீழ்ச்சி செங்குத்தாக இருக்கும் இடத்தில் உழைப்பை மிகுதியாகவும், தளர்ந்த இடத்தில் குறைவாகவும் இட்ட கணக்கு இது. நீண்ட இடைவெளிகளில் திருப்புவதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. ரமளான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் குர்ஆனை ஒருமுறை திருப்பியதும், இறுதி ஆண்டில் இருமுறை திருப்பியதும் நாம் அறிந்தவையே. எவ்வளவு நெடுங்காலம் நினைவில் நிற்க வேண்டுமோ அவ்வளவுக்குத் திருப்பும் இடைவெளியும் அகன்றிருக்க வேண்டும் என்பது தற்கால ஆய்வுகளின் முடிவு.

திருப்புவது என்றால் என்ன என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளை வாசித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருவேளை மட்டும் வாசித்து, மூன்று வேளை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர்: 83-க்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று: வாசித்தவர்கள் 40 விழுக்காடு, பாராமல் எழுதியவர்கள் 61. இதில் மனத்தைத் தைப்பது யாதெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுந்த நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே. சரளம் அறிவாகத் தோன்றிவிடுகிறது.

ஹிஃப்ழு மதரஸாவின் அன்றாட நடைமுறையை அறிந்தவர்கள் இங்கே புன்னகைப்பார்கள். மாணவன் தன் சபக்கை உஸ்தாதின் முன் அமர்ந்து நூலைப் பாராமல் ஒப்பிக்கிறான். பிழை நேர்ந்த இடத்தில் உஸ்தாத் நிறுத்துகிறார். பழைய பகுதிகள் தௌராகச் சுற்றி வருகின்றன. நவீனக் கல்வி பெற்ற நம்மவருள் சிலர் இதனை நெட்டுரு என எள்ளி நகையாடுவதுண்டு. தம் பிள்ளைகளைத் தனிப்பயிற்சி நிலையங்களில் அமர்த்திப் பாடநூலுக்கு வண்ணக் கோடிட்டு வாசிக்கவைக்கும் அவர்களைவிட, அந்த உஸ்தாத் கற்றலின் இயல்பை நன்கறிந்தவர்.

ஆயினும் மதரஸாக்களும் குறையற்றவை அல்ல. ஓராண்டில் முடித்தான், எட்டு மாதத்தில் முடித்தான் என விழா மேடையில் விரைவைப் பாராட்டும் வழக்கம் வளர்ந்துள்ளது. விரைவுக்காகப் புதிய சபக்கைக் கூட்டித் தௌரைக் குறைத்தால், ஒட்டகங்களை வாங்கிக் குவித்துக் கயிறு வாங்க மறந்த வணிகரின் நிலையே ஏற்படும். குர்ஆனே இருபத்து மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறங்கிற்று. உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகவே அவ்வாறு அருளப்பட்டதாக ஃபுர்கான் அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் கூறுகிறது. இதற்கு மேல் விரைவுக்கு என்ன வாதம் வேண்டும்?

நினைவாற்றல் தசையா?

ஹிஃப்ழு செய்த பிள்ளைக்கு மூளை கூர்மையாகிவிடும், பின்னர் பள்ளிப் பாடங்களும் எளிதில் பதிந்துவிடும் என்று பெற்றோருக்கு உறுதி கூறுவோர் உளர். உடற்பயிற்சியால் தோள் வலுப்பதுபோல மனனத்தால் நினைவாற்றல் பொதுவாக வலுக்கும் என்பது இதன் அடிப்படை. இதனை வில்லியம் ஜேம்ஸ் தம் மீதே சோதித்தார். விக்தர் யூகோவின் கவிதையில் 158 அடிகளை மனனம் செய்ய அவருக்கு ஏறத்தாழ 132 நிமிடம் ஆயிற்று. பின்னர் முப்பத்தெட்டு நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடமாக மில்டனின் காவியத்தை மனனம் செய்து தம்மைப் பயிற்றினார். அதன்பின் யூகோவின் வேறு 158 அடிகளை எடுத்தார். 151 நிமிடத்துக்கு மேலாயிற்று! இம்முடிவை 1890-இல் வெளியான தம் நூலில் அவர் பதிவு செய்துள்ளார். ஒருவரைக் கொண்ட சோதனைதானே என ஒதுக்கிவிடவும் இயலாது. 1980-இல் எரிக்சனும் சேசும் ஒரு கல்லூரி மாணவரைப் பயிற்றியபோது, ஏழு இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஆற்றல் ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட பயிற்சியில் எழுபத்தொன்பதாக உயர்ந்தது. ஓட்டப் பந்தயக்காரரான அவர், எண்களை ஓட்ட நேரங்களாக உருவகித்துக் கட்டிவைத்தார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைத் தந்தவுடன் அவருடைய ஆற்றல் ஆறாகச் சுருங்கிற்று. வளர்ந்தது பொது நினைவாற்றல் அன்று. ஒரு துறையில் கட்டும் கயிறுகள் மட்டுமே.

தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் இதற்கு ஒளிவீசும் சான்று சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த அவர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்தினார். அவதானக் கலையில் ஒருவர் ஈற்றடி தந்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்கு வினவுவார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார். இடையே மணி ஒலிக்கும், எத்தனை முறை என இறுதியில் சொல்ல வேண்டும். இவ்வினாக்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்து விழ, ஒவ்வொன்றையும் விட்ட இடத்தில் எடுத்து முடிக்க வேண்டும். இதனை இறையருளால் வாய்த்த அதிசயம் என்று மட்டும் சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். அருள் இருக்கட்டும், அதன் வாயில் எது என்று பார்க்க வேண்டாமா? பாவலர் முறையாகத் தமிழ் இலக்கண இலக்கியம் கற்றவர், யாப்பில் ஊறியவர், சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர். வெண்பாவின் தளையும் எதுகையும் மோனையும் கவிஞரைக் கட்டுப்படுத்துவனபோல் தோன்றினும், நினைவுக்கு அவை கயிறுகள். அடுத்து வரக்கூடிய சொற்களின் கூட்டத்தை அவை ஒரு சிலவாகக் குறைத்துவிடுகின்றன. யாப்பறியாதவனுக்கு நூறு துண்டுகளாகத் தெரிவது, பாவலருக்கு ஒரு சில முழுமைகளாகவே தெரிந்திருக்கும். 1950-இல் மறைந்த அவருக்கு இந்திய அஞ்சல்துறை 2008-இல் சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. அவருடைய ஆற்றலை வியக்கும் நாம், அவர் கற்ற நூல்களைக் கற்க முற்படுகிறோமா என்பது வேறு வினா.

ஆகவே, ஹிஃப்ழு செய்தால் நுழைவுத் தேர்வில் வெல்லலாம் என்பது ஆதாரம் போதாத வாக்குறுதி. நாள்தோறும் ஓரிடத்தில் அமரும் ஒழுங்கு, பாராமல் ஒப்பித்துத் தன்னைச் சோதிக்கும் பழக்கம் ஆகியவை பிள்ளைக்குப் பயன்படலாம்; அவையும் தாமாகப் பெயர்ந்து வருவதில்லை, எடுத்துச் சொல்லிப் பயிற்றினால்தான் வரும். இறைமறையை அதற்காகவே மனனம் செய்வதற்குப் போதிய சிறப்பு உண்டு. வேறு சந்தையில் விலைபோகும் எனக் கூறி அதனைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை.

பொருளறிந்து மனனம் செய்தல் பற்றியும் ஒரு சொல். பைரனின் கவிதையை மனனம் செய்ய, அதே நீளமுள்ள பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பில் பத்தில் ஒரு பங்கே தமக்குத் தேவைப்பட்டதாக எபிங்ஹாஸ் கணக்கிட்டார். அரபு அறியாத நம் பிள்ளைகள் ஓசையையும் சந்தத்தையும் மட்டுமே பற்றிக்கொண்டு இப்பெருங்கடலைக் கடக்கிறார்கள். அவர்கள் கடப்பது வியப்பே. கடக்கும்போது பொருள் என்னும் கயிற்றையும் கையில் தந்தால் என்ன? இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், மொராக்கோ மாணவர்கள் பதினாறு ஆண்டு மதரஸாவில் தங்கியும் அடையாத தேர்ச்சியைத் தூனிஸ் மாணவர்கள் ஐந்தாண்டில் அடைவதைக் குறிப்பிட்டு, முன்னவர் மனனத்தில் மட்டும் ஈடுபட்டு உரையாடலையும் விவாதத்தையும் கைவிட்டதே காரணம் என்கிறார். பாடங்களுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டால் மறதி புகுந்துவிடும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

மறந்தவர்

பதின்மூன்று வயதில் ஹாஃபிழானவர், பின்னர் கல்லூரி, வேலை, வணிகம், வெளிநாடு என்று போய், முப்பத்தைந்தாவது வயதில் பத்து ஜுஸ்உகூடத் திடமாக ஓத இயலாமல் இருக்கிறார். இத்தகையோரை நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் காணலாம். ரமளான் நெருங்கும்போது ஊரார் கண்ணில் படாமல் ஒதுங்குகிறார்கள். தாம் பெரும்பாவி ஆகிவிட்டதாக எண்ணி முஸ்ஹஃபைத் தொடவே கூசுவோரும் உண்டு. அச்சம் அவர்களைக் குர்ஆனிலிருந்து மேலும் தொலைவுக்குத் தள்ளுகிறது.

குர்ஆனின் ஓர் அத்தியாயம் அருளப்பட்டு அதனை மறந்துவிடுவதைவிடப் பெரிய பாவத்தைச் சமுதாயத்தின் பாவங்களில் காணவில்லை என்னும் கருத்துடைய ஓர் அறிவிப்பு மேடைகளில் மிகுதியாக எடுத்துரைக்கப்படுகிறது. அதனைத் தம் தொகுப்பில் பதிவு செய்த திர்மிதீ அவர்களே அது ‘கரீப்’ என்றும், இமாம் புகாரீயிடம் அதுபற்றிப் பேசியபோது அவர் அதனை அறிந்திருக்கவில்லை என்றும் குறிப்பிட்டுள்ளார். ஷாஃபிஈ மத்ஹபின் சில நூல்கள் குர்ஆனை மறப்பதைப் பெரும்பாவங்களில் எண்ணியிருப்பது உண்மையே. அலட்சியத்தால் புறக்கணிப்பதும், முதுமை, நோய், வாழ்க்கை நெருக்கடி ஆகியவற்றால் நழுவுவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எச்சரிக்கையை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாமல் விடும் உரை, கேட்பவரைத் திருத்துவதில்லை, ஒளியவைக்கிறது.

வழியை உளவியல் சொல்கிறது. 1984-இல் ஹேரி பாரிக், பள்ளியில் ஸ்பானிய மொழி கற்றவர்களை ஐம்பது ஆண்டு இடைவெளி வரை ஆராய்ந்தார். முதல் சில ஆண்டுகளில் சரிவு. அதன்பின் எஞ்சியது ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் குறையாமல் நின்றது. முதலில் எவ்வளவு ஆழமாகக் கற்றார்களோ அவ்வளவுக்கு எஞ்சியதும் மிகுதி. ஆகவே நம் ஹாஃபிழ் தொடக்கத்திலிருந்து தொடங்கவில்லை. எபிங்ஹாஸின் மிச்சம் அவர் கணக்கில் இருக்கிறது. முதல்முறை ஒரு ஜுஸ்உக்கு ஒரு மாதம் ஆகியிருந்தால், இப்போது அவ்வளவு ஆகாது. தாம் மனனம் செய்த அதே வரியமைப்புள்ள பிரதியையே அவர் எடுக்க வேண்டும். வெறுமனே பார்த்து ஓதாமல், வசனத்தின் தொடக்கத்தைப் பார்த்து எஞ்சியதைப் பாராமல் ஓத முயல வேண்டும். தடுமாறிய பிறகே கண்ணைத் திருப்ப வேண்டும். உறங்குமுன் ஓதியது பகலில் ஓதியதைவிடக் குறைவாகவே சிதைகிறது; ஜென்கின்சும் டாலன்பாக்கும் 1924-இல் காட்டியதும் இதுவே. சீரான பகுதியை அன்றைய தொழுகைகளிலேயே ஓதிவிட வேண்டும். குர்ஆனை இரவும் பகலும் நின்று ஓதுபவர் அதனை நினைவில் வைத்திருப்பார், அவ்வாறு செய்யாதவர் மறந்துவிடுவார் என்னும் கருத்து முஸ்லிம் தொகுப்பில் இப்னு உமர் (ரலி) அறிவிப்பின் தொடர்ச்சியாகவே வருகிறது.

பள்ளிவாசல் நிர்வாகிகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தராவீஹில் இமாமுக்குப் பின்னால் நின்று பிழை திருத்தும் ஹாஃபிழோடு, இத்தகைய ஒருவரையும் இரண்டாமவராக நிறுத்தலாம். தாமாக நினைவுகூர்வதைவிடக் கேட்டு அடையாளம் காண்பது எளிது. முழு ஜுஸ்உவை ஓத இயலாதவரும் அடுத்தவர் ஓதும்போது பிழையை உணர்ந்துவிடுவார். முப்பது இரவுகள் அப்படி நின்று கேட்டவருக்கு, எந்தெந்த ஜுஸ்உகள் இன்னும் தம்மிடம் உள்ளன, எவை அவிழ்ந்து போயின என்ற தெளிவான கணக்கு ஷவ்வால் பிறைக்கு முன் கையில் இருக்கும். அக்கணக்கை வைத்துக்கொண்டு முஹர்ரமிலிருந்து வாரத்துக்கு இத்தனை பக்கம் எனத் தொடங்கலாம்.